எங்கள் காணிக்கு ஒரு திகதி சொல்லுங்கள்

அதிமேதகு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் பிறந்தவள். ஓய்வுபெற்ற ஆசிரியை. 1990 ஜூனில் இடம்பெயர்ந்த எங்கள் குடும்பத்தின், உறுதிப் பத்திரம் உள்ள காணி இன்றும் முட்கம்பிக்கு அப்பால், படையினரின் கையில் இருக்கிறது. 2024 நவம்பரில் எங்கள் வீட்டு வாக்குகள் உங்கள் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு விழுந்தன. அந்த வாக்குகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டம் உங்களுக்குத் தந்தது ஏறத்தாழ 7 வீத வாக்குகள். எட்டு வாரம் முடிவதற்குள், நவம்பர் 14ஆம் திகதி, அதே மாவட்டம் உங்கள் கட்சிக்கு 80,000க்கும் மேற்பட்ட வாக்குகளையும் 6 ஆசனங்களில் 3ஐயும் அள்ளித் தந்தது. தெற்கைத் தளமாகக் கொண்ட கட்சி ஒன்று யாழ்ப்பாணத்தில் முதலிடத்துக்கு வந்ததை என் ஆயுளில் நான் கண்டதில்லை. எங்களுக்கு மறதி வந்துவிட்டதால் இது நடக்கவில்லை. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கேட்டு நீதிமன்றம் போனது உங்கள் தாய்க்கட்சியான மக்கள் விடுதலை முன்னணிதான் என்பதும், 2006 ஒக்டோபரில் அந்தத் தீர்ப்பு வந்ததும் வாக்களித்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் போட்டோம். எங்கள் கட்சிகள் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்தன. ஊழலைப் பற்றி நீங்கள் பேசியது எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்தலுக்கு முன் யாழ்ப்பாணத்துக்கு வந்து, படையினரிடம் உள்ள மக்களின் காணிகள் மக்களிடம் திரும்ப வேண்டும் என்று மேடையில் சொன்னீர்கள். இடம்பெயர்ந்தவர்கள் மத்தியில் அந்தப் பேச்சு வீடு வீடாகப் போனது. மல்லாகத்து முகாமில் பிறந்து முகாமிலேயே வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் அதை நம்பினார்கள்.

நீங்கள் பதவியேற்று ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நாடாளுமன்றத்தில் 225இல் 159 ஆசனம் உங்களிடம் இருக்கிறது. முன்னிருந்தவர்கள் "கூட்டணி ஒத்துக்கொள்ளாது, எதிர்க்கட்சி விடாது" என்று சொன்ன எந்தக் காரணமும் உங்களுக்கு இல்லை.

காணியைத் திருப்பித் தருவீர்கள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் அரசு முதலில் செய்த பெரிய காரியம், 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் சுமார் 5,940 ஏக்கருக்கு உரிமை கோருபவர்கள் 3 மாதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் அது அரச காணி. யாழ். மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். இதற்குத் துணையாக எடுத்துக்கொண்டது 1931இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம். காணிகளுக்கு ஒழுங்கான உரித்துக் கொடுக்கத்தான் இதைச் செய்கிறோம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அந்த 3 மாதம் ஒரு சாதாரணக் குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் கணவரின் தமக்கை குடும்பத்துக்கு வடமராட்சி கிழக்கில் கடலோரமாக ஒரு தென்னங்காணி இருக்கிறது. மாமனாரின் முதுசம், பிரிக்கப்படாத பங்காகத் தமக்கையின் பிள்ளைகள் ஐந்து பேருக்கு வந்தது. உறுதிப் பத்திரம் 2004 சுனாமியில் பெட்டியோடு போய்விட்டது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்றார்கள். ஆனால் உறுதியின் இலக்கமோ, எழுதிய நொத்தாரிசின் பெயரோ தெரிய வேண்டும். நொத்தாரிசும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் பிரான்சில். அவர்கள் தூதரகம் போய் அற்றோணித் தத்துவம் (தங்கள் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்ப வேண்டும். வேலை நாளில் லீவு எடுக்க வேண்டும், பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும், அனுப்பிய கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் திரும்பவும் முதலில் இருந்து. இவற்றையெல்லாம் ஒருவாறு சமாளிக்கலாம் என்று வையுங்கள். நான்காவது பிள்ளை யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. அவனுடைய பங்குக்கு யார் கையெழுத்து வைப்பது? இறந்துவிட்டான் என்று சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம் என்று அலுவலகம் ஒன்றில் சொன்னார்கள். அந்தத் தாய் மறுத்துவிட்டார். 16 வருடமாகப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம், காணி வேண்டுமென்றால் பிள்ளை செத்துவிட்டான் என்று எழுதிக் கொடு என்று கேட்கும் நிலைக்கு உங்கள் வர்த்தமானி கொண்டுவந்து விட்டது. வேண்டுமென்று செய்யப்பட்டது என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்கள் எங்களில் ஒருவரிடமாவது கேட்டிருந்தால் இந்தக் கேள்வி அவர்கள் காதுக்கு எட்டியிருக்கும்.

எதிர்ப்பு எழுந்தது. வழக்குகள் போடப்பட்டன. அரசு பின்வாங்கும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நல்லது. ஆனால் இடையில் மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. நவம்பரில் உங்களிடம் வந்த வாக்குகளில் கணிசமான பகுதி வடக்கில் வந்த வழியே திரும்பிப் போனது. அதற்கான காரணத்தைக் கட்சி அலுவலகங்களில் தேடியிருப்பீர்கள். காணிச் சொந்தக்காரர்களிடம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள்.

இனி வலிகாமம் வடக்கு.

எங்கள் ஊர் செம்பாட்டு மண். வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு, திராட்சை என்று வருடம் முழுவதும் தோட்டம் நடந்த இடம். கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு. எங்கள் வளவும் தோட்டமுமாகச் சேர்த்து 12 பரப்பு, அதாவது முக்கால் ஏக்கர். அம்மாவுக்குச் சீதனமாக எழுதியது. 1990 ஜூனில் ஷெல் விழத் தொடங்கியபோது மாடுகளை அவிழ்த்துவிட்டு, உறுதிப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மா நடந்தார். அந்த உறுதி இன்றும் என்னிடம் இருக்கிறது. அம்மா இல்லை. தன் சீதனக் காணியைத் திரும்பப் பார்க்காமலே அவர் இணுவிலில் ஒரு வாடகை வீட்டில் கண்ணை மூடினார்.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலுமாக 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் வந்தது. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி அந்த அறிவித்தலை மரங்களில் ஒட்டினார்கள். உரிமையாளர்கள் அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், அரசாங்கமே பதிந்து நிவாரணம் கொடுத்த முகாம்களில் இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். மைத்திரிபால சிறிசேன காலத்தில் பகுதி பகுதியாக விடுவிப்பு நடந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் 27 வருடத்துக்குப் பிறகு திறக்கப்பட்டது. ரணில் விக்கிரமசிங்க காலத்திலும் கொஞ்சம் விட்டார்கள். ஆக, எங்கள் காணியைப் பறித்த அரசுகளும் எதையோ திருப்பித் தந்துதான் இருக்கின்றன. எங்கள் மீள்குடியேற்றக் குழுக்களின் கணக்குப்படி இன்னும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் தனியார் காணி கம்பிக்குள் இருக்கிறது. சரியான தொகையை நாங்கள் சொல்லக் கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிராம சேவையாளர் பிரிவு வாரியாக, யாருடைய காணி, எந்தப் படை வைத்திருக்கிறது, என்ன தேவைக்கு என்ற பட்டியலை இதுவரை எந்த அரசும் மக்கள் முன் வைத்ததில்லை. வெளிப்படைத்தன்மையை வாக்குறுதியாகத் தந்து வந்த அரசும் வைக்கவில்லை.

2025 ஏப்ரல் 10ஆம் திகதி பலாலி வீதி திறக்கப்பட்டது. 35 வருடத்துக்குப் பிறகு திறக்கிறார்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடின. நானும் பஸ் ஏறிப் போனேன். திறந்தபோது போட்ட நிபந்தனைகளை நீங்கள் பார்த்தீர்களோ தெரியாது: காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் மட்டும், நடந்து போகக் கூடாது, வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. இருபுறமும் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் எங்கள் ஊர் மனிதர்களின் தோட்டங்கள் பச்சைப்பசேலென்று கிடக்கின்றன. உழுதவர்கள் சீருடைக்காரர்கள். என் பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒரு முதியவர் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, இன்னாருடைய வளவு, இன்னாருடைய கிணறு, இந்த இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கை திரும்பும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் நிற்க அனுமதித்திருந்தால் எந்த நாட்டின் பாதுகாப்பு கெட்டுப்போயிருக்கும்? தேர்தலுக்கு நான்கு வாரம் இருக்கும்போது திறந்த வீதி அது. எங்களுக்கு வீதி வேண்டும்தான். ஆனால் வீதி ஊரைக் கடந்து போக உதவும். நாங்கள் கேட்பது ஊருக்குள் போக.

விடுவித்த இடங்களின் கதையையும் கேளுங்கள். என் சித்தப்பாவின் காணி சில வருடங்களுக்கு முன் விடுவிக்கப்பட்டது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை. அத்திவாரக் கல்கூட இல்லை. வேலியும் எல்லைக்கல்லும் புல்டோசரில் போய்விட்டன. பக்கத்துக் காணிக்காரரும் சித்தப்பாவும் 40 வருடப் பழக்கம். எல்லை எங்கே என்று தெரியாமல் இரண்டு பேரும் இன்று பேச்சில்லை. தனியார் நில அளவையாளரைப் பிடித்து அளக்க ஓய்வூதியக்காரரிடம் காசு ஏது? உங்கள் தந்தையார் நில அளவைத் திணைக்களத்தில் சாதாரண ஊழியராக வேலை செய்தவர் என்று வாசித்திருக்கிறேன். ஒரு எல்லைக்கல் காணாமற்போனால் இரண்டு குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காணியை விடுவிப்பது என்றால் கம்பியை அவிழ்ப்பது மட்டும் ஆகாது. அளந்து, கல் நட்டு, கிணறு துப்புரவாக்கி, இடித்த வீட்டுக்கு ஈடு கொடுத்து விடுவதே விடுவிப்பு.

பாதுகாப்புத் தேவை என்ற சொல்லை எத்தனையோ அதிகாரிகளின் வாயால் கேட்டிருக்கிறேன். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அந்த வருடம் பிறந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டது. பலாலி விமான நிலையத்துக்குக் காணி வேண்டும் என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது: எவ்வளவு, எந்தத் துண்டு என்று அளந்து சொல்லுங்கள், உரிமையாளரின் ஆட்சேபனையைக் கேளுங்கள், நட்டஈடு கொடுங்கள். விமான நிலையம் பெரிதாவதை நாங்களும் விரும்புகிறோம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் கட்டுநாயக்கவில் இறங்கி இரவிரவாக ஓடி வரத் தேவையில்லை. ஆனால் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் விடுதி எந்தப் பாதுகாப்புக்கு? ராஜபக்ச காலத்தில் கீரிமலையில் எழுப்பிய ஜனாதிபதி மாளிகை எந்தப் பாதுகாப்புக்கு? வெங்காயம் விளைவிப்பது எந்தப் பாதுகாப்புக்கு? சொந்தக்காரன் சந்தையில் விலை கொடுத்து மரக்கறி வாங்க, அவனுடைய தோட்டத்தில் விளைந்தது வேறொருவர் கணக்கில் விற்பனையாகிறது. அந்த 35 வருடத்துக்கு ஒரு சதம் வாடகை எங்களுக்குக் கிடைத்ததில்லை.

வலிகாமம் வடக்கில் உள்ள தையிட்டி பௌத்த விகாரையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். மக்கள் உள்ளே போக முடியாத காலத்தில், உறுதி உள்ள மக்களின் காணியில் கட்டப்பட்டு 2023இல் திறக்கப்பட்டது. ஒவ்வொரு போயா (பௌர்ணமி) நாளிலும் காணிக்காரர்கள் வெளியே நின்று கேட்கிறார்கள். புத்தருக்கு எதிராக எங்கள் ஊரில் யாருக்கும் ஒரு வார்த்தை கிடையாது. அங்கே நிற்பவர்கள் கையில் இருப்பது உறுதிப் பத்திரம். இதற்கு முன்னிருந்தவர்களின் காலத்தில் கட்டப்பட்டது என்பது உண்மை. ஆனால் தீர்க்காமல் விட்ட ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது. மாற்றுக் காணி தருகிறோம், நட்டஈடு தருகிறோம் என்ற பேச்சு காதில் விழுகிறது. திருப்பிக் கேட்பவரிடம் முதலில் அவருடைய உரிமையை ஏற்றுக்கொள்ளுங்கள். மாற்றீடு வேண்டுமா, வேண்டாமா என்பதை அதன் பிறகு அவர் சொல்லட்டும்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி நீங்கள் மயிலிட்டிக்கு வந்து துறைமுகத்தின் மூன்றாம் கட்ட வேலையைத் தொடக்கிவைத்தீர்கள். கச்சதீவுக்கும் போனீர்கள். மயிலிட்டி ஒரு காலத்தில் நாட்டுக்கே மீன் அனுப்பிய துறை. துறைமுகம் பெரிதாகட்டும். ஆனால் அந்தத் துறையில் தொழில் செய்தவர்களின் வளவுகளில் ஒரு பகுதி இன்னும் உள்ளே இருக்கிறது. பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளும் தெற்கிலிருந்து வரும் நெடுநாள் படகுகளும் நிற்கும் துறையில் மயிலிட்டியானுக்கு வள்ளம் கட்ட இடம் தேட வேண்டியிருக்கிறது. மேடை போட்ட இடத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்திருந்தால் உங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். முல்லைத்தீவில் கேப்பாப்புலவு மக்கள் 2017 மார்ச்சில் வீதியில் குந்தினார்கள். அவர்களிலும் எல்லோருக்கும் காணி வந்து சேரவில்லை. வன்னியில் யுத்தத்துக்கு முன் விதைத்த வயலில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டு திகைத்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதையை அவர்கள்தான் எழுத வேண்டும். நான் தொட்டு மட்டும் செல்கிறேன்.

நீங்கள் செய்ததையும் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 500 கோடி ரூபாய் ஒதுக்கினீர்கள். யாழ். பொது நூலகத்துக்கு 10 கோடி. முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தின் வேலையைத் தொடங்கினீர்கள். அந்தப் பாலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நாட்டையே புரட்டிப் போட்டதும், அரசின் கையில் காசு இறுக்கமாக இருப்பதும் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் காணியைத் திருப்பித் தரும் முடிவை எடுக்கக் காசு வேண்டாம். சர்வதேச நாணய நிதியம் அனுமதி தர வேண்டியதில்லை. உங்கள் கையெழுத்துப் போதும்.

உங்கள் அமைச்சர்கள் வடக்குக்கு வரும்போது அடிக்கடி சொல்வது, இனி இன பேதம் இல்லை, எல்லோரும் இலங்கையர், வடக்கின் பிரச்சினையும் தெற்கின் பிரச்சினையும் ஒன்றே, அது வறுமையும் ஊழலும் என்பது. இதில்தான் உங்கள் அரசோடு எனக்கு ஆழமான முரண்பாடு. அம்பாந்தோட்டையிலோ, தம்புத்தேகமவிலோ, மாத்தறையிலோ உறுதி உள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றி, யுத்தம் முடிந்தும் 16 வருடத்துக்கு மேலாகக் காணியைப் பிடித்து வைத்திருக்க எந்த அரசாலும் முடியுமா? முடியாது. அங்கே நடக்க முடியாத ஒன்று இங்கே நடக்கிறது என்றால், இரண்டு பிரச்சினையும் ஒன்று என்று எப்படிச் சொல்வீர்கள்? சமத்துவம் என்பது எங்களுக்கு மட்டும் இழைக்கப்பட்ட அநீதியை முதலில் அநீதி என்று ஏற்பதில் தொடங்க வேண்டும்.

காணி அதிகாரம் யாரிடம் என்ற கேள்வியும் இதனோடு ஒட்டியதே. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குக் காணியில் ஒரு பங்கைச் சொன்னது. தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படும் என்றது. அந்த ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவேயில்லை. வடக்கு மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலாவதியானது. அன்றிலிருந்து ஆளுநர்தான் ஆட்சி. ஆளுநர் எவ்வளவு நல்ல நிர்வாகியாக இருந்தாலும் அவர் உங்களால் நியமிக்கப்பட்டவர். நாங்கள் கேள்வி கேட்டு வீட்டுக்கு அனுப்பக்கூடியவர் அல்லர். மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்று உங்கள் தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வருடம் போய்விட்டது. தொகுதி எல்லைப் பிரச்சினை என்று 2017இலிருந்து சொல்லும் அதே காரணம் திரும்பவும் காதில் விழுகிறது. பழைய விகிதாசார முறையிலேயே நடத்த ஒரு சட்டத் திருத்தம் போதும். அதற்குத் தேவையான கைகள் உங்கள் பக்கத்தில் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. அதை நீக்குவோம் என்பதும் உங்கள் வாக்குறுதி. உங்கள் கட்சியின் இளைஞர்களையும் எண்பதுகளின் இறுதியில் அவசரகாலச் சட்டங்களோடு சேர்த்து நசுக்கிய சட்டம் அது. ஆனால் 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞரை உங்கள் அரசும் அதே சட்டத்தில்தான் பிடித்தது. டிசம்பரில் பதிலுக்கு ஒரு புதிய வரைவை வெளியிட்டீர்கள். நீக்குவோம் என்று சொன்னபோது இன்னொன்று கொண்டுவருவோம் என்று நாங்கள் கேட்கவில்லை. இதை ஏன் காணி மடலில் எழுதுகிறேன் என்றால், காணிப் போராட்டத்தில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போன பெண்களைத் தேடி மறுநாள் சிவில் உடையில் ஆட்கள் வந்து பெயர், தொலைபேசி இலக்கம், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது இன்னும் நிற்கவில்லை. அந்தச் சட்டம் தலைக்கு மேலே தொங்கும்வரை அந்த விசாரிப்பு ஒரு மிரட்டல்.

இப்போது நான் கேட்பவை.

வலிகாமம் வடக்கிலும் வடக்கின் ஏனைய இடங்களிலும் படையினரும் திணைக்களங்களும் வைத்திருக்கும் தனியார் காணிகளின் முழுப் பட்டியலைக் கிராம சேவையாளர் பிரிவு வாரியாக மூன்று மாதத்துக்குள் மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். எங்களுக்கு 3 மாதம் போதும் என்று நினைத்த அரசுக்கு அதே 3 மாதம் போதும். பட்டியலில் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே விடுவிக்கும் திகதியை எழுதுங்கள். விமான நிலையம் போன்ற உண்மையான பொதுத் தேவை எது என்றாலும் அதைத் தனியாகக் காட்டி, உரிமையாளரோடு பேசி, சந்தை விலைக்கு நட்டஈடு கொடுங்கள். மற்ற எந்தத் தனியார் காணியும் சுவீகரிக்கப்படாது என்று எழுத்தில் தாருங்கள்.

விடுவிக்கும் காணிகளை அரச செலவில் அளந்து எல்லைக்கல் நட்டுத் தாருங்கள். இடித்த வீடுகளுக்கும், பிடித்து வைத்திருந்த காலத்துக்கும் ஈடு கணக்கிட ஒரு பொறிமுறை அமையுங்கள். படையினர் எங்கள் காணிகளில் செய்யும் விவசாயத்தையும் விடுதித் தொழிலையும் இந்தப் போகத்தோடு நிறுத்துங்கள்.

மார்ச் 28 வர்த்தமானியைப் போல இன்னொன்று வேறு பெயரில் வர விடாதீர்கள். உறுதி தொலைந்தவர்களுக்கும், புலம்பெயர்ந்தவர்களுக்கும், காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் ஆவணங்களை மீட்டெடுக்க நடமாடும் பதிவகங்களை ஊர் ஊராக அனுப்புங்கள். எந்தத் தாயிடமும் பிள்ளையின் மரணச் சான்றிதழைக் காணிக்கு விலையாகக் கேட்கக் கூடாது என்று அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை விடுங்கள்.

தையிட்டியில் காணி உரிமையாளர்களை, அவர்களை மட்டுமே, அழைத்து நேரில் பேசுங்கள். அவர்களின் உறுதிகளை அரசு ஏற்கிறது என்று அறிவித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறியுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குங்கள், பதிலுக்கு எதையும் கொண்டுவராமல்.

கடைசியாக ஒன்று. எங்கள் காணி தொடர்பாகக் கொழும்புக்கு எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்கள் சிங்களத்தில் மட்டும் இருந்தன. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. பிரதேச செயலகத்துக்கு அனுப்பியுள்ளோம் என்ற ஒரு வரிப் பதில் எனக்கு வேண்டாம். அப்படி எழுதிய கடிதங்கள் ஏற்கெனவே ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. இந்த மடலுக்கு உங்கள் செயலகத்திலிருந்து வரும் பதில் தமிழில் இருக்க வேண்டும். அதில் எங்கள் காணிக்கு ஒரு திகதி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு வாக்காளர்